பின்சீட்டில் ஒரு நாய்

காரில் ஏறும் நாய்க்கு ஆபத்து மூன்று சமயங்களில் வருகிறது: பிரேக் பிடிக்கும்போது, வண்டியை நிறுத்திவைக்கும்போது, கதவைத் திறக்கும்போது. வீட்டு நாய்களை மருத்துவமனைக்கும் வெளியூருக்கும் ஏற்றிச் செல்வதையே பிழைப்பாகக் கொண்ட ‘பெட் டாக்ஸி’ ஓட்டுநர்கள் சென்னை போன்ற நகரங்களில் உருவாகியிருக்கிறார்கள். நாய் வளர்ப்பவர் இந்த மூன்றில் முதலாவதை நினைத்தே பார்ப்பதில்லை. இரண்டாவதை அரைகுறையாக அறிவார். மூன்றாவது, நாய் ஓடிப்போன பிறகுதான் புரியும். தொழில் தெரிந்த ஓட்டுநர் மூன்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். நாயின் பாதுகாப்பில் பெரும்பங்கு வண்டி நின்றுகொண்டிருக்கும்போது செய்யப்படும் வேலை. ஓடத் தொடங்கிய பிறகு அவர் கையில் மிச்சம் இருப்பது நிதானமாக ஓட்டுவது ஒன்றே.

பிரேக்கின் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் மீதும் அதனதன் எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு விசை விழும். 25 கிலோ லேப்ரடார் அரை டன் பாரமாகிவிடும். 7 கிலோ பக் 140 கிலோவாகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால் நான்குவழிச் சாலையில் 100-ல் போகும் வண்டிக்குக் கணக்கு இன்னும் மோசம். கட்டப்பட்ட நாய்க்குக் காரோடு சேர்ந்து நிற்க அந்த அரை மீட்டராவது கிடைக்கிறது. கட்டப்படாத நாய் பழைய வேகத்திலேயே முன்னால் பாய்ந்து, முன்சீட்டின் முதுகிலோ ஓட்டுபவரின் பிடரியிலோ கண்ணாடியிலோ மோதித்தான் நிற்கும். நாயைக் கட்டுவது வண்டியில் இருக்கும் மனிதர்களுக்காகவும்தான்.

பெரிய விபத்து அபூர்வம். தொழிலில் அடிக்கடி பார்க்க நேர்வது சாதாரண பிரேக்கின் காயங்களை. நகரத்துக்குள் 30 கிலோமீட்டரில் போகும்போது குறுக்கே ஒரு ஆட்டோ திரும்பினால் போதும். ரெக்சின் உறை போட்ட சீட்டில் நாயின் நகம் பிடிக்காது. வழுக்கி, கால் வைக்கும் பள்ளத்தில் குப்புற விழும். பொமரேனியன் போன்ற சிறு இன நாய்களின் முன்னங்கால் எலும்பு மெல்லியது. அவ்வளவு உயரத்திலிருந்து ஏடாகூடமாக விழுந்தாலே முறிந்துவிடக்கூடும். வயதான நாய்க்கு இடுப்பு பிசகும். விழுந்த நாய் மறுமுறை காரைக் கண்டாலே உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதை மறுபடியும் ஏற்றப் பழக்குவது காயத்தை ஆற்றுவதைவிட நீண்ட வேலை.

எங்கே உட்காரவைப்பது

முன்சீட்டு நாய்க்கு உகந்த இடமே இல்லை. இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் முன்னிரண்டு சீட்டுகளுக்கும் ஏர்பேக் கட்டாயம். அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரியும். பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்த, வளர்ந்த மனிதரின் மார்புக்காகக் கணக்கிடப்பட்ட பை அது. டேஷ்போர்டை முகர்ந்துகொண்டு முன்னால் குனிந்து நிற்கும் நாயின் முகத்தில் அது விரிந்தால் காப்பாற்ற வந்ததே கொன்றுவிடும். மடியில் வைத்துக்கொள்வதும் இதே கதைதான். மோதும்போது 140 கிலோவாகப் பாயும் பக் நாயைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது; மடியில் வைத்திருப்பவரின் உடம்புக்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் அது நசுங்கும்.

பின்சீட்டில் இடதுபுறம், அதாவது ஓட்டுநருக்குக் குறுக்காக உள்ள இடம், பெரும்பாலான நாய்களுக்குச் சரியானது. ரியர்வியூ கண்ணாடியில் நாய் தெரியும். நம் சாலைகளில் இடது கதவு ஓரத்துப் பக்கம் திறப்பதால் ஏற்றி இறக்கும்போது போக்குவரத்துக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. நடு இருக்கையில் பழைய கார்களில் இடுப்புக்கு மட்டுமான பெல்ட்தான் இருக்கும். தோள் பெல்ட் உள்ள ஓர இருக்கையே மேல். குழந்தை இருக்கும் வரிசையில் நாயைக் கட்டினால் நாயின் கட்டு குழந்தையை எட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும்.

செடான் காரின் மூடிய டிக்கியில் நாயை ஏற்றுவது கேள்விக்கே இடமில்லாதது. ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் பின்பகுதி உள்ளறையோடு திறந்து இருப்பதால் அங்கே கூண்டு வைக்கலாம். ஆனால் சிறிய ஹேட்ச்பேக்கில் அந்தப் பகுதி பின்னாலிருந்து மோதும் வண்டியின் அடியை வாங்கி நசுங்குவதற்கென்றே விடப்பட்ட இடம். மூன்றாம் வரிசையை மடித்த பெரிய வண்டியில், கூண்டைப் பின்கதவிலிருந்து தள்ளி, நடுவரிசைச் சீட்டின் முதுகோடு ஒட்டிவைப்பதே முறை.

கண்காட்சிக்குப் போகும் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை நாய்களைச் சிலர் மினி வேனின் திறந்த பின்தட்டில் கழுத்துச் சங்கிலியோடு கட்டி ஏற்றுவதுண்டு. நாய் பக்கத் தடுப்பைத் தாண்டிக் குதிக்கும்போது சங்கிலி நீளமாக இருந்தால் சக்கரம், குட்டையாக இருந்தால் தூக்கு. இதற்கு நடுவில் பாதுகாப்பான நீளம் என்று ஒன்று கிடையாது.

ஹார்னஸ்

கழுத்துப்பட்டையில் கட்டி நாயைக் காரில் ஏற்றக்கூடாது. திடீர் பிரேக்கில் மொத்த எடையும் மூச்சுக்குழாயிலும் கழுத்தெலும்பிலும் விழும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் வேண்டும். அதிலும் நடைக்கு விற்பது வேறு, காருக்கு விற்பது வேறு. நடை ஹார்னஸ் நாய் இழுக்கும் விசையைத் தாங்கும். மோதலின் விசையைத் தாங்காது. அமெரிக்காவின் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ அமைப்பு சுபாரு கார் நிறுவனத்தோடு சேர்ந்து 2013-ல் நாய் உருவப் பொம்மைகளைக் கொண்டு கார் ஹார்னஸ்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. பாதுகாப்பானவை என்று விளம்பரப்படுத்தப்பட்டவற்றுள்ளும் சில அறுந்தன, பொம்மைகள் பறந்தன. முதல்தரம் என்று அந்த அமைப்பு சொன்னது ஒரே ஒரு ஹார்னஸைத்தான். அதனால் பெட்டியில் ‘கார் பயணத்துக்கு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. மோதல் சோதனை எந்த எடை வரை செய்யப்பட்டது என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்டது கிடைக்காத இடத்தில் சில அடையாளங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். மார்பெலும்பின் மேல் படியும் பட்டை உள்ளங்கை அகலத்துக்கு, உள்ளே பஞ்சு வைத்து இருக்க வேண்டும். விசை தாங்கும் இடத்தில் வளையமும் கொக்கியும் இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளிப் உடைந்து தெறிக்கும். பட்டை சேரும் இடங்களில் தையல் பெட்டிவடிவில் குறுக்குக்கோடு போட்டுத் தைத்திருக்க வேண்டும். வெறும் ஒற்றைத் தையல் முதல் இழுப்பிலேயே பிரியும்.

மாட்டும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும். உட்கார்ந்த நாய்க்கு அளவு பார்த்தால் எழுந்ததும் தளர்ந்துவிடும். தலையை நுழைத்து, மார்புப்பட்டை கழுத்துக்குழிக்குக் கீழே எலும்பின் மேல் படிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழியின் மேலேயே படிந்தால் மூச்சை அடைக்கும். பிறகு முன்னங்கால்களுக்குப் பின்னால் வரும் பட்டையை இழுத்து மாட்ட வேண்டும். அது அக்குளுக்கு இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும்; ஒட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது. கடைசியாக ஹார்னஸின் முதுகுப் பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும். நாய் பின்வாங்கி நழுவ முடிந்தால் அது விடுபடப்போகும் நாய்.

இந்தக் கடைசிச் சோதனை தமிழ்நாட்டு நாட்டு இனங்களுக்கு மிகவும் முக்கியம். கன்னியும் சிப்பிப்பாறையும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம், தலை கழுத்தைவிட ஒல்லி. லேப்ரடாருக்குத் தைத்த ஹார்னஸ் அவற்றுக்கு மார்பில் இறுகி வயிற்றுப்பக்கம் தொளதொளத்துக் கிடக்கும். தோலில் ரோமமும் கொழுப்பும் குறைவு என்பதால் பட்டை சீக்கிரம் உரசும். இந்த இனங்களுக்கு இடுப்புப்பக்கம் மூன்றாவது பட்டை உள்ள ஹார்னஸ் தேவை.

ஹார்னஸைக் காரோடு இணைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சீட் பெல்ட் பூட்டில் செருகும் குட்டை நாடாக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நாய் திரும்பும்போது அதன் பாதம் சிவப்புப் பொத்தானில் பட்டுப் பூட்டு திறந்துகொள்ளும். காரின் தோள் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகு வளையத்துக்குள் விட்டுப் பூட்டுவதோ, குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கம்பியில் இரும்புக் கொக்கியை மாட்டுவதோ நம்பகமானது. நாடாவின் நீளம் எழுந்து உட்காரவும் படுக்கவும் போதுமானதாக இருக்கட்டும். நாயின் மார்பு சீட்டின் முன்விளிம்பைத் தாண்டக்கூடாது. ரப்பர்போல் நீளும் நாடா மோதலில் நாயைப் பறக்கவிட்டுத்தான் பிடிக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது.

கூண்டு

பூனையளவு நாய்க்கும், ஹார்னஸைக் கடித்து அறுக்கும் நாய்க்கும், அந்நியர் தொட்டால் கடிக்கும் நாய்க்கும் கூண்டே சரி. உள்ளே எழுந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அதற்கு மேல் தாராளம் வேண்டாம்; பெரிய கூண்டில் சிறிய நாய் பிரேக்குக்குப் பிரேக் சுவரில் மோதிக்கொண்டே வரும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பும் மேலே பழைய போர்வையும் போட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை ஓடும் வண்டியில் உள்ளே வைத்தால் விரிப்பு நனைவதைத் தவிர வேறு பயன் இல்லை.

விமானத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் கூண்டு காற்றோட்டத்துக்கும் தூக்குவதற்கும் செய்யப்பட்டது. கார் மோதலுக்கு அல்ல. அதன் மேல் சீட் பெல்ட்டைச் சுற்றி இறுக்கினால் மோதலில் அந்த பெல்ட்டே கூண்டை நசுக்கிவிடக்கூடும். சிறிய கூண்டை முன்சீட்டின் முதுகுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தரையில் அசையாமல் திணித்துவைப்பது அதைவிட மேல். பெரிய கூண்டை எஸ்யூவியின் தரையில் உள்ள கொக்கிகளில் லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டையால் நான்கு மூலையிலும் இறுக்க வேண்டும். இறுக்கியபின் கூண்டைப் பிடித்து ஆட்டினால் வண்டியே ஆட வேண்டும்.

பாதுகாப்புபோலத் தோன்றும் சில பொருட்களும் புழக்கத்தில் உள்ளன. பின்சீட்டில் தொட்டில்போல் கட்டும் விரிப்பு, நாய் பள்ளத்தில் விழாமல் தடுக்கும். சீட்டைச் சுத்தமாக வைக்கும். மோதலில் ஒன்றும் செய்யாது. முன்சீட்டுகளுக்கு நடுவே மாட்டும் வலை, நாய் கியர் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும். இவை ஹார்னஸோடு சேர்ந்து உதவும். ஹார்னஸுக்கு மாற்று ஆகாது.

வெயில்

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர நாயால் முடியாது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. மூக்கு சப்பையான பக், ஷிட்சு, புல்டாக், பாக்ஸர் நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் அவை மற்ற நாய்களைவிட வெகு முன்னதாகத் திணறும்.

நிறுத்திய காருக்குள் சூடு ஏறும் வேகத்தை 2005-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அளந்து காட்டியது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறியது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்ததால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. அந்தக் கணக்குப்படி வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 57 ஆகும். அக்னி நட்சத்திர வெயிலில் ‘மருந்துக்கடையில் இரண்டு நிமிடம்’ என்பது வரிசையில் நின்றால் பதினைந்து நிமிடம். ஏசியைப் போட்டுவிட்டுப் போவதும் தீர்வு அல்ல. எஞ்சின் அணையலாம், கம்ப்ரசர் நின்றுபோகலாம், நாயின் கால் பட்டுக் கதவு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் வண்டியில் நாய் இருக்கும்வரை ஓட்டுநர் இறங்கிப்போவதில்லை, சாப்பாடு பார்சல்தான். நெடும்பயணத்துக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்பதும் இதனால்தான்.

வெளியூர் ஓட்டத்துக்கு அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுமுன் பாதி தூரத்தைக் கடப்பது வழக்கம். பின்பகுதிக் கூண்டுக்கு ஏசி காற்று எட்டுகிறதா என்பதைக் கிளம்பிய கால் மணியில் நிறுத்திக் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். முன்னால் குளிரும் வண்டியில் பின்னால் கொதிப்பது சகஜம். வெயில் விழும் பக்கத்துக் கண்ணாடியில் மறைப்பு போட வேண்டும்.

நாக்கு அகலமாகித் தொங்குவது, ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் பசைபோல் கெட்டியாவது, கால் பின்னுவது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அப்போது மருத்துவமனைக்குப் பறப்பதற்கு முன் உடம்பைக் குளிரவைக்க வேண்டும். நிழலில் கிடத்தி, கிடைக்கும் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் நிறைய ஊற்றி, விசிறியோ ஏசியோ கொண்டு காற்றுப்பட வைத்து, அதன்பிறகுதான் கிளம்ப வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் துண்டு சூடாகிக் கம்பளிபோல் மூடிக்கொள்ளும். நினைவு தடுமாறும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

ஜன்னல்

தலையை வெளியே நீட்டிக் காதுகள் பறக்க வரும் நாய் பார்க்க அழகுதான். ஆனால் சாலைத் தூசியும் பூச்சியும் கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகும். நகரத்தில் ஒரு முழம் தள்ளிப் போகும் பைக்கின் கைப்பிடி அதைவிட ஆபத்து. ஒரு நாய் முன்னங்காலை ஊன்றி எழும்போது ஜன்னல் பொத்தானை மிதித்துவிட்டால் கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரிக்கும். பின் ஜன்னல் பொத்தான்களை ஓட்டுநர் பக்கத்திலிருந்தே முடக்கும் பூட்டும், கதவில் குழந்தைப் பூட்டும் கிளம்புமுன் போடப்பட வேண்டும். காற்று வேண்டுமென்றால் மூக்கு மட்டும் எட்டும் அளவுக்கு நான்கு விரல் இறக்கினால் போதும்.

வாந்தியும் மலைப்பாதையும்

குட்டிகளுக்குக் காதின் உட்பகுதியில் சமநிலை உணரும் உறுப்பு முழுதாகப் பக்குவப்பட்டிருக்காது. அதனால் காரில் வாந்தி எடுப்பது அவற்றுக்கே அதிகம். பல குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானாக நின்றுவிடும். வாந்திக்கு முன் நாய் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், எச்சில் ஒழுகும், சத்தமில்லாமல் நடுங்கும். இதைக் கண்ணாடியில் பார்த்தவுடன் ஓரங்கட்டினால் பாதி வாந்தி தவிரும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் குறைவாக உணவு, பிறகு தண்ணீர் மட்டும் என்பது பொதுவான முறை. தீராத வாந்திக்கு மரோபிட்டன்ட் போன்ற நாய்களுக்கான மருந்து உண்டு. கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டும். மனிதர்களின் வாந்தி மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்கக்கூடாது.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வளைவுக்கு வளைவு நாய் எதிர்ப்பக்கம் சரியும். கால்களால் பிடித்து நிற்க முயன்றே களைத்துவிடும். ஹார்னஸைப் பூட்டிப் படுக்கவைத்து, இருபுறமும் போர்வைச் சுருளை அண்டைகொடுத்தால் சரிவு குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திருப்புவதுதான் நாய் ஏற்றிய வண்டியின் ஓட்டம். காட்டுப் பகுதிகளில் நாயைச் சிறுநீர் கழிக்க இறக்கக்கூடாது. வால்பாறையிலும் நீலகிரியிலும் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. குரங்குகள் கூடும் இடங்களில் கண்ணாடி மூடியே இருக்க வேண்டும். குரங்கைக் கண்ட நாய் கட்டை அறுக்கப் பார்க்கும்.

கதவு

நாய் தொலைவது பெரும்பாலும் இறங்கும் நொடியில். நெடுஞ்சாலை உணவகத்தில் வண்டி நிற்கிறது. உரிமையாளர் களைப்பில் கதவைத் திறக்கிறார். மூன்று மணி நேரம் அடங்கிக் கிடந்த நாய் அவர் முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவே நழுவுகிறது. அந்தப் பக்கம் லாரியின் ஏர்ஹாரன், இந்தப் பக்கம் உணவகத்துத் தெருநாய்களின் கூட்டம். அறியாத ஊரில் மிரண்ட நாய் கூப்பிட்டால் வராது. கூப்பிடக் கூப்பிட ஓடும். துரத்தினால் சாலைக்குத்தான் போகும்.

இதற்கான ஒழுங்கு எளிது; ஒரு படியைக்கூடத் தாண்டக்கூடாது என்பதுதான் கடினம். வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்து, எல்லாக் கதவும் மூடியிருக்கும்போதே ஒருவர் உள்ளே திரும்பி நடைச் சங்கிலியை ஹார்னஸில் மாட்ட வேண்டும். சங்கிலியின் கைப்பிடி வெளியே நிற்பவரின் மணிக்கட்டில் ஏறிய பிறகே கார்க் கட்டை அவிழ்க்க வேண்டும். ஏற்றும்போது இதே வரிசை தலைகீழ்: கார்க் கட்டு பூட்டிய பிறகே நடைச் சங்கிலி கழல வேண்டும். எந்தக் கணத்திலும் நாய் இரண்டில் ஒன்றோடு இணைந்தே இருக்கும்.

இறக்குமுன் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து வரை எண்ணிப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் போதுமானது. உணவக வாசலைவிட, தெருநாய் இல்லாத, வேலி உள்ள பெட்ரோல் பங்க்கின் ஓரம் நல்ல இடம். கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் அப்போது கையில் இருக்கும் கைப்பேசி எண் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டு வந்த கைப்பேசியின் எண்ணால் பயனில்லை.

நோயாளி நாய்

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் ஓட்டமும், மாவட்டங்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளுக்குப் போகும் ஓட்டமும் தனி வகை. இதில் ஏறும் நாய் வலியில் இருக்கும்; வலியில் இருக்கும் நாய் சொந்தக்காரரையும் கடிக்கும். மூக்குவாயை இறுக்கிக் கட்டும் துணிக் கட்டில் நாய்க்கு மூச்சிரைக்க முடியாது. வாந்தி வந்தால் மூச்சடைக்கும். வாயைத் திறக்க இடம் விடும் கூடை வடிவ வாய்ப்பூட்டுதான் காருக்குள் போடத்தக்கது.

வண்டி மோதி அடிபட்ட நாயை அக்குளைப் பிடித்துத் தூக்கக்கூடாது. முதுகெலும்பு முறிந்திருக்கலாம். பிளைவுட் பலகையையோ கெட்டியான அட்டையையோ பக்கத்தில் வைத்து, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் நகர்த்தி ஏற்றி, பலகையோடு போர்வையால் கட்டிப் பின்சீட்டில் வைக்க வேண்டும். மயக்க மருந்து தெளியாத நாய்க்குத் தலையும் கழுத்தும் நேராக நீண்டிருக்க வேண்டும். தலை தொங்கினால் மூச்சுப்பாதை மடியும். அதற்கு உடல்வெப்பத்தைக் காக்கும் சக்தி குறைவு என்பதால் ஏசி நேராக மேலே அடிக்கக்கூடாது. நெடும்பயணத்தில் நாய் அமைதியாக இருக்க மயக்க மாத்திரை கேட்பவர்கள் உண்டு. சப்பை மூக்கு இனங்களுக்கு அது உயிராபத்து. மற்றவற்றுக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

சட்டமும் காகிதங்களும்

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-ஆம் பிரிவு, தேவையற்ற வலியோ வேதனையோ தரும் விதத்தில் விலங்கை வாகனத்தில் கொண்டுபோவதைக் குற்றமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 125-ஆம் பிரிவு, ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் எதையும் வைக்கக்கூடாது என்கிறது. மடியில் நாயோடு ஓட்டுவதை இதன் கீழ் கேட்கலாம். 1978-ன் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயம் உண்டு. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்று, நெடும்பயணத்தில் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீர் என்பவை அதில் உள்ளவை. பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேடு ஒரு படி மேலே போய், காரில் நாயைக் கட்டியோ கூண்டிலோதான் கொண்டுசெல்ல வேண்டும் என்று 57-ஆம் விதியில் வெளிப்படையாகவே சொல்கிறது.

வண்டியில் தடுப்பூசி அட்டையின் நகல், உரிமையாளரின் இரண்டு எண்கள், நாயின் படம், மருந்து விவரம் ஆகியவை ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள வெயில் மறைப்பில் செருகப்பட்டிருக்க வேண்டும். விபத்தில் உதவ வருபவர் கண்ணில் எளிதில் படும் இடம் அது. கட்டப்பட்ட நாய் இங்கேயும் உதவுகிறது. சுதந்திரமாகத் திரியும் மிரண்ட நாய் இருக்கும் காரில், காயம்பட்டவரை எடுக்க யாரும் கையை நீட்டத் தயங்குவார்கள்.

இறக்கிய பிறகு

நாய் வீடு சேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. அடுத்து ஏறப்போகும் நாய்க்காக வண்டியைக் கழுவ வேண்டும். பார்வோ வைரஸ் நோயுற்ற குட்டியின் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. முதலில் அசுத்தத்தை முழுக்கத் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அசுத்தத்தின் மேலேயே ஊற்றினால் பிளீச் வீணாகும். துணிச் சீட்டில் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் இந்த வண்டிகளில் கழற்றிக் கழுவும் நீர்புகா விரிப்பு போடப்படுகிறது. கூண்டையும் கிண்ணத்தையும் இதேபோல் கழுவி, பிளீச் வாடை போகும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும்; அந்த நெடி மூடிய காருக்குள் நாயின் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். சீட்டின் தையல் இடுக்குகளில் உண்ணி ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து வேக்குவம் போட்டு எடுக்காவிட்டால் ஒரு நாயின் உண்ணிக் காய்ச்சல் அடுத்த நாய்க்குப் போகும். தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை, மருத்துவமனை போய்வந்த வண்டியில் அதே நாளில் ஏற்றுவதில்லை. அவசரமானால் சொந்த வீட்டுப் போர்வை விரித்த தனிக் கூண்டில், காரின் தரையையோ சீட்டையோ தொடாமல் ஏற்றி இறக்க வேண்டும்.